நோய்ப்படுக்கையில் ஓர் இசைத்துணை

திரியாய் போன்ற ஊர்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்வோர், வீட்டையும் தாய்மொழிச் சூழலையும் பிரிந்தே செல்கின்றனர். மருந்து உடலைப் பேணுகிறது. கலங்கும் உள்ளத்தைப் பேணுவது எது?

சவுல் அரசர் மனம் கலங்கியபோதெல்லாம் தாவீது யாழ் மீட்டினார். அரசரும் ஆறுதலடைந்தார் (1 சாமுவேல் 16:23). 2021இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 81 ஆய்வுகளைப் பரிசீலித்தது. வயதுவந்த புற்றுநோயாளரின் பதற்றம், வலி, சோர்வு ஆகியவற்றை இசை தணிக்கக்கூடும் என்கிறது அது. இசை புற்றுநோயைக் குணமாக்காது. ஆயினும் சிகிச்சைக் காலத்தைக் கடக்கத் துணைநிற்கும்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, நோயாளர் விரும்பும் பாடலை அவரிடமே கேட்டறியுங்கள். நமக்குப் பிடித்ததைத் திணிக்க வேண்டாம். அவர் மௌனத்தை விரும்பினால், கரம்பற்றி அருகில் அமர்ந்திருங்கள். அதுவும் செபமே.