விளையாடின உடம்புதானே, தாங்கும் என்கிறீர்களா?

போர்ட் பிளேயரில் ஜிம்கள் பெருகியது நல்லதுதான். என் கவலை வேறு. உடற்கட்டுப் போட்டி நெருங்கினால், நெஞ்சுப் படபடப்போடு ஒருவர் மருத்துவரான என்னிடம் வருகிறார். இன்னொருவருக்குச் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போகிறது. ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று அரை வருடம். பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர்கள், சைக்கிள் பந்தயம் ஓட்டியவர்கள்தான் இவர்களில் அதிகத் தாமதமாக வருகிறார்கள். தாங்கும் என்ற நம்பிக்கை.

மேடையில் தெரியாதது

ரஷ்யாவின் ஒக்சானா கிரிஷினா ஜிம்னாஸ்டாக இருந்தவர். 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு முறை ஃபிட்னஸ் ஒலிம்பியா பட்டம் வென்றார். அந்தப் போட்டியில் உடற்கட்டு மட்டும் போதாது, இசைக்கேற்பக் கரணமும் அடிக்க வேண்டும். ஜிம்னாஸ்டுகளுக்கு அங்கே இயல்பாகவே கை ஓங்கும். ஆனால் மேடையில் தெரியும் அந்த வறண்ட உடம்பு வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டியதல்ல.

சின்ன வயதிலிருந்தே "எடை ஏறாதே" என்று கேட்டு வளர்ந்த பெண், அதற்கு மேல் 'கட்டிங்' என்று சாப்பாட்டைக் குறைத்தால், மாதவிலக்கு நிற்கும். பிறகு எலும்பு மெலியும். பயிற்சி சரியாகப் போவதற்கு மாதவிலக்கு நிற்பது அடையாளம் என்று சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவரை நான் பார்க்க வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன?

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பிடித்த தீபா கர்மாகரை எல்லாருக்கும் தெரியும். 2021 அக்டோபரில் எடுத்த அவரது மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஹைஜினமைன் இருந்தது. 21 மாதத் தடை. தெரியாமல் உடம்புக்குள் போனது என்றார் அவர். கொழுப்பைக் கரைப்பதாக விற்கும் பல டப்பாக்களில் இதே பொருள் உண்டு. பயிற்சியாளர், மருத்துவர் எல்லாரும் சூழ இருந்த ஒலிம்பிக் வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், செய்தித்தாளில் மடித்துக் கொடுத்த மூன்று மாத்திரையை நீங்கள் எந்த தைரியத்தில் விழுங்குகிறீர்கள்?

உண்மை இல்லாத நம்பிக்கைகள்

"ஒரே ஒரு சுற்று ஊசிதான், டாக்டர்." வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் விரை தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். குழந்தை இல்லை என்று பிறகு மனைவியைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்! பெண்களுக்குக் குரல் கட்டையானால் பழையபடி திரும்பாமலே போகலாம்.

"தண்ணீரை நிறுத்தினால் தசை பளிச்சென்று தெரியும்." நம் தீவுப் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டு, கூடவே சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் போட்டால் பொட்டாசியம் சரிந்து இதயம் தாறுமாறாகத் துடிக்கும். உடற்கட்டு வீரர் முகமது பெனாசிசா 1992இல் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்துபோனார்.

"நோனிச் சாறு குடித்தால் எல்லாம் கழுவிவிடும்." இங்கே கடைக்குக் கடை நோனி. ஆனால் பழுதான சிறுநீரகத்துக்கு நோனியில் உள்ள பொட்டாசியமே ஆபத்து. ஒருவர் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டே ஊசியும் போட்டுவந்தார். கேட்டால், பேலன்ஸ் ஆகிவிடுமாம்.

சோதனை

கிரியாட்டினின், பொட்டாசியம், தசை நொதியான சி.பி.கே., கல்லீரல் சோதனை, ஈ.சி.ஜி. ஊசியோ மாத்திரையோ போட்டவர்களுக்கு முதலில் இவை போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நம் தீவுகளில் கேம்பல் பே போன்ற தொலைவான ஊரில் நெஞ்சு படபடத்தால் பெரிய மருத்துவமனைக்கு வரக் கப்பலோ ஹெலிகாப்டரோ கிடைக்க வேண்டும். அதற்கும் கடலும் வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், முட்டையும் மீனும் சோறும் சாப்பிட்டுத் தசை வளர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கூட ஆகட்டுமே. டப்பா வாங்கியே ஆக வேண்டுமென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இல்லாததைத் தொடாதீர்கள். அந்த எண் இருந்தாலும் உள்ளே இருப்பது முழுக்கச் சுத்தம் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் இன்றே வாருங்கள். டப்பா, மாத்திரை அட்டை, ஊசிக் குப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அப்பா அம்மாவிடம் சொல்வோமோ என்று பயந்து ஒளிக்காதீர்கள். என்ன போட்டீர்கள் என்று தெரியாமல் எங்களால் சரியான மருந்து கொடுப்பது கடினம்.