அருவிக் கரையில் மறந்துபோன மத்தியானம்

கோடைக்கானலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மலையிறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியகுளத்துக்குப் பக்கத்திலே கும்பக்கரை அருவி. "இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குளிக்காமல் போவதாவது!" என்று உங்கள் அத்தை இறங்கிவிடுகிறாள். வயது 58. தண்ணீரோ ஜில்லென்று இருக்கிறது.

கரையேறித் தலையைத் துவட்டும்போது, "நாம் எங்கேடி வந்திருக்கிறோம்?" என்கிறாள். சொல்கிறீர்கள். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி அதே கேள்வி. பிறகும் அதே! தன் பெயர் தெரிகிறது. பிள்ளைகள் பெயர் தெரிகிறது. தலையைக் கோதி முடிந்துகொள்ளவும் தெரிகிறது. காலையில் நடந்தது மட்டும் நினைவில்லை. இப்போது சொல்வதும் நிற்கவில்லை.

பேயுமல்ல, பிரமையுமல்ல. பாஸ்டன் டாக்டர்கள் ஃபிஷரும் ஆடம்ஸும் 1964-ல் இதற்கு 'டிரான்ஸியண்ட் குளோபல் அம்னீஷியா' என்று பெயரிட்டார்கள். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. குளிர்ந்த நீர், கடும் உழைப்பு, மனக் கலக்கம் ஆகியவை இதைக் கிளப்பிவிடுவதுண்டு. சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். 24 மணிக்கு மேல் நீடிப்பதில்லை.

இதில் இருதயம் எங்கே வந்தது? கர்ப்பத்திலுள்ள குழந்தை மூச்சு விடுவதில்லை அல்லவா? அதனால் அதன் இருதயத்தில் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் போக ஒரு சின்னக் கதவு உண்டு. பிறந்ததும் அது மூடிக்கொள்ளும். ஆனால் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்குக் கதவு சாத்தியிருக்குமே தவிர, தாழ்ப்பாள் விழுந்திருக்காது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் கதவு சற்றே திறக்கும். நுரையீரலில் தங்க வேண்டிய சிறு ரத்தக் கட்டி அதன் வழியே மூளைக்குப் போய்விடலாம் என்பது ஒரு சாராரின் சந்தேகம்.

ஞாபகத்தைச் சேர்த்துவைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' பகுதியில், ஓரிரு நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் பொட்டுப் போன்ற புள்ளி தெரிவதுண்டு. ஆனாலும் இப்படி மறந்தவர்களுக்குப் பிற்பாடு பக்கவாதம் அதிகமாக வருவதாகக் காணோம். ரத்தக் கட்டிதான் காரணமென்றால் வரவேண்டாமோ? கழுத்து ரத்தக் குழாயில் ரத்தம் பின்வாங்குவதே காரணம் என்போரும் உண்டு. கதவைக் குற்றவாளியாக்க இந்தச் சாட்சி போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த மறதி ஒன்றுக்காக அதை அடைக்க ஓட வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் உடனே ஓட வேண்டும்! பக்கவாதம், வலிப்பு, சர்க்கரை குறைவு இவையும் இதே வேஷத்தில் வரலாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா, கை கால் துவளுகிறதா என்று பாருங்கள். அவளைத் தனியே விடாதீர்கள். "எத்தனை தடவை சொல்வது?" என்று மட்டும் சீறாதீர்கள், அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை.

ராத்திரிக்குள் அத்தை பழைய அத்தையாகிவிடுவாள். அந்த மத்தியானம் மட்டும் திரும்பாது. அருவிக் கரையில் எடுத்த போட்டோவைக் காட்டினால், "இது எப்போது எடுத்தது?" என்பாள்.