நார் போர்த்த வில்

மரத்தை வளைப்பது எவர்க்கும் கூடும். ஒடியாது வளைப்பதிலேதான் வில் செய்வோனின் திறமை தங்கியிருக்கின்றது. வளைந்த கோலின் வெளிப்புறம் இழுபடுகின்றது, உட்புறம் நெருக்குண்கின்றது. இழுவை எல்லை மீறினால் மரம் வெளிப்புறத்திலே பிளந்து ஒடியும். நீண்ட வில்லிலே அவ்விழுவை பரந்து தணிகின்றது. வில் குறுகக் குறுக, ஒவ்வோர் அங்குலமும் கூடுதலாக வளையவேண்டி வருகின்றது. முதுகிலே ஒரு சிராய் எழும்பினால் அதன் கதை முடிந்தது. புதர்க்காட்டிலே பதுங்கி வேட்டையாடுவோனுக்கு நெடுவில் தடை, குறுவில்லோ ஒடியும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பழங்குடி மக்கள் பலர் இச்சிக்கலை விடுவித்த வகை எளிமையானது, ஆயினும் வியக்கத்தக்கது. மரத்தின் முதுகிலே விலங்கின் தசைநாரைப் பசையிட்டு ஒட்டினார்கள். தசைநார் மரத்தைவிடப் பன்மடங்கு நீண்டு கொடுக்கும். விட்டதும் பழைய நிலைக்கு மீளும்.

இக்கலையின் ஒவ்வொரு படியையும் நாம் இன்று தெளிவாக அறியக்கூடியதாயிருப்பது பெரும்பாலும் ஒரு தனி மனிதராலேயே. 1911 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆம் திகதி, கலிபோர்ணியாவின் ஓரோவில் என்னும் ஊரிலே, விலங்கறுக்கும் தொழுவமொன்றின் பட்டியருகே, மெலிந்து களைத்த ஒருவர் காணப்பட்டார். அவர் பேசிய மொழி அங்கிருந்த எவருக்கும் விளங்கவில்லை. லாசன் மலைக்கு மேற்கேயுள்ள அடிவாரக் குன்றுகளிலே வாழ்ந்த யாகி குலத்தவருள் எஞ்சியவர் அவர் ஒருவரே. 1849 இல் பொன் தேடி வந்தோர் பெருகியதன் பின், அக்குலத்தவர் விலங்குகளைப்போல வேட்டையாடப்பட்டனர். தப்பிய சிலர் நாற்பது ஆண்டளவு பள்ளத்தாக்குகளிலே மறைந்து வாழ்ந்தனர். 1908 இல் நில அளவைக் குழுவொன்று அவர்களின் ஒளிவிடத்தைக் கண்டது. போர்வை, கூடை, வில், அம்பு எனக் கையில் அகப்பட்டவற்றையெல்லாம் குழுவினர் எடுத்துச் சென்றனர். வேட்டைக்கருவி ஒருவனுக்குச் சோறு. அது போனபின் எஞ்சியோர் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மானிடவியல் அறிஞர்களான அல்பிரட் குறோபரும் தோமஸ் வாற்றர்மனும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக நூதனசாலையிலே தங்கவைத்தனர். அவர் தம் பெயரை எவருக்கும் கூறவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் மரபன்று. சொல்லக்கூடிய உறவினரோ உயிருடன் இல்லை. ஆகவே குறோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். யானா மொழியிலே அதற்கு 'மனிதன்' என்பதே பொருள். அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை வைத்தியரான சக்ஸ்டன் போப், இஷியின் நண்பராகிப் பின் மாணாக்கருமானார். பெயரை மறைத்த இஷி, தொழிலை மறைக்கவில்லை.

இஷி விரும்பிய மரம் மலைகளில் வளரும் ஜூனிப்பர். கிளையொன்றைப் பிளந்து, அதன் வெளிப்படையை மென்மரத்தோடு சேர்த்து எடுப்பார். வில்லின் நீளத்துக்கு அவர் உடலே அளவுகோல்: பக்கவாட்டில் நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்புவரை, ஏறக்குறைய 42 அங்குலம். பிடிக்கு இருமருங்கும் அகலம் 2 அங்குலம். தடிப்பு அரை அங்குலம். சுரண்டியும் மணற்கல்லில் உரைத்தும் உருவம் கொடுத்தபின், நுனிகளைச் சூடேறிய கல்லின்மேல் முன்புறமாக வளைத்துக் கட்டி, இருண்ட, ஈரமற்ற இடத்திலே உலரவிடுவார். இதற்கு மாதங்கள் செல்லும். சிலவேளை ஆண்டுகளும் செல்லும்.

அதன்பின் நார் போர்த்தும் வேலை. சல்மன் மீனின் தோலை அவித்துப் பசை காய்ச்சி, சொரசொரப்பாக்கிய முதுகிலே பூசுவார். மானின் காலிலிருந்து எடுத்த தசைநாரை வாயிலிட்டு மென்று, இழையிழையாகப் பிரிப்பார். ஈரமான அவ்விழைகளை, ஒன்றன் முனை மற்றொன்றின்மீது படியுமாறு, முதுகு முழுவதும் தடிப்பாக அடுக்குவார். குதைகளிலே மரத்தைச் சுற்றியே போர்த்திக் கட்டுவார். பின்னர் வில்லோ மரப்பட்டை நாடாவால் அனைத்தையும் இறுகச் சுற்றிவைப்பார். சில நாட்களின் பின் கட்டை அவிழ்த்து, ஓரங்களைச் சீவி, மீண்டும் பசை பூசி, மணற்கல்லால் தேய்த்து மெருகிடுவார்.

மீன்தோலும் மான்நாரும் இவ்வளவு உறுதியாக ஒன்றுவதேன்? இரண்டும் கொலாஜன் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. தோலை அவிக்கும்போது அது கரைந்து பசையாகின்றது. நாரிலே அது முறுக்குண்ட இழையாக நிற்கின்றது. உலரும்போது நார் சுருங்கி வில்லை முன்புறமாக இழுக்கின்றது. ஆகவே நாணேற்றுமுன்னரே அதில் விசை குடிகொள்கின்றது. ஈரமே இதன் பகை. அதனாலேயே பூமாவின் வாற்றோலாலான உறையிலே இஷி வில்லைப் பேணினார்.

நாணும் மான்நாரே. மென்று முறுக்கி, ஈரத்தோடு இழுத்துக் கட்டி, உமிழ்நீரால் தேய்த்து வழுவழுப்பாக்குவார். இவ்வாறு முடிந்த வில்லின் இழுவிசை ஏறக்குறைய 45 இறாத்தல்; அம்பு செல்லும் தூரம் 200 யார் அளவு.

அழகு சேர்ப்பதில் குலத்துக்குக் குலம் வழக்கம் வேறுபட்டது. இஷியின் வில்லுக்குப் பிடியிலே சுற்றிய மான்தோல் வாரொன்றே அணி. கிளாமத் ஆற்றுப் பக்கத்து யூறொக், கறுக், ஹூப்பா மக்களோ யூ மரத்தினாலான அகன்ற தட்டை வில்லின் நார்முதுகிலே முக்கோணங்களும் கோடுகளும் வண்ணத்தால் தீட்டினர். எய்யும் வேளையில் அவ்வோவியம் எய்பவன் கண்ணுக்குத் தெரியாது. எதிரே நிற்பவர்க்கே தெரியும்.

வில்லை ஓர் உயிராகவே இஷி மதித்தார். நாணேற்றியபடி விட்டாலும், நிறுத்திவைத்தாலும் வில் களைத்து வியர்க்கும் என்பார். படுக்கவைக்க வேண்டும், எவரும் தாண்டிச் செல்லலாகாது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் சற்றுப் பொறுக்கவேண்டும். ஏற்றியபடி கிடக்கும் வில் தன் வலியை இழக்கும் என்பது இன்றும் வில் செய்வோர் அறிந்த உண்மை. நல்ல வில்லை ஓசையால் அறியலாம் என்பதும் அவர் துணிபு. வில்லின் ஒரு முனையைத் திறந்த வாயின் ஓரத்தில் வைத்து, அம்பினால் நாணைத் தட்டி இசையெழுப்பிப் பாடுவார். கதிரவனை நோக்கி அம்பெய்து அதன் ஒளியை அவித்த வீரனொருவனைப் பற்றியது அப்பாட்டு. இருளிலே குளிரால் நடுங்கிய மனிதர் இறகு முளைத்துப் பறவைகளானார்கள் என்று அக்கதை முடியும்.

இஷி 1916 மார்ச் 25 இல் காசநோயால் இறந்தார். அவர் உடலை அறுத்து ஆராயவேண்டாமென்று குறோபர் எழுதிய கடிதம் காலந்தாழ்ந்தே சென்றடைந்தது. எடுக்கப்பட்ட மூளையை, தாம் தடுக்க நினைத்த அதே குறோபர் பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார். அது கலிபோர்ணியாவின் பழங்குடி உறவினர் கைக்கு மீண்டது 2000 ஆம் ஆண்டிலேதான்.

போப் தாம் கற்றதை 1918 இலும் 1923 இலும் நூல்களாக வெளியிட்டார். அவற்றைப் படித்து இன்றும் பலர் நார் போர்த்த வில் செய்கின்றனர். ஆசிரியர் மறைந்தபின்னும் பாடம் நிலைத்தது, நாம் மகிழவேண்டியதே. ஆயினும் அம்மகிழ்ச்சியிலே ஒரு கசப்பும் உண்டு. தந்தை மகனுக்குக் கொடுக்கவேண்டிய தொழிலை, தம் குலத்தை அழித்த சமூகத்தைச் சேர்ந்த நல்லவரொருவரிடம் ஒப்படைக்க நேர்ந்தது அந்தக் கடைசி மனிதருக்கு. கற்பதற்கு அவர் குலத்திலே ஒரு பிள்ளையும் எஞ்சியிருக்கவில்லை.

இஷியின் உடலைத் தகனஞ் செய்தபோது, நண்பர்கள் பேழையிலே ஓக் கொட்டை மாவும், சிப்பி மணிகளும், புகையிலையும், ஐந்து அம்புகளும், அவர் வில்லொன்றும் வைத்தனர். 1908 இல் அவர்களின் ஒளிவிடத்திலிருந்து வில்லும் எடுத்துச் செல்லப்பட்டிருந்தது. இந்த ஒரு வில்லையேனும் அவரிடமிருந்து பிரிக்காமல் விட்டார்கள்.