உங்களுக்குத் தெரியுமா? மாட்டைத் தடுத்ததும் பறவை குறைந்தது

நம் எலவனாசூர்கோட்டைப் பக்கத்து ஏரிகளும் உலகக் கணக்கில் ஈரநிலங்கள்தான். 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கை, மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் ‘ஈரநிலம்’ என்ற பெயரில் சேர்க்கிறது. பாசன ஏரியான வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்தியாவின் 2017 ஈரநில விதிகளோ, பாசனத்துக்காகவே கட்டப்பட்ட ஏரிகளைத் தம் காவலிலிருந்து விலக்கிவிட்டன. நம் ஊர் ஏரிகளுக்கு இது பெரிய இழப்பு.

சட்டக் காவல் இருந்தால் மட்டும் போதுமா? ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் 1982-இல் மாடு, எருமை மேய்வதைத் தடுத்தார்கள். ஊர்மக்கள் எதிர்த்தார்கள், மோதலில் உயிர்களே போயின. எருமை மேயாததால் ஒருவகை நீர்ப்புல் அடர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு இதைக் காட்டிய பிறகு, புல் அறுக்க ஊராருக்கு அனுமதி கிடைத்தது. மேய்ச்சலும் அந்த ஈரநிலத்தின் ஓர் அங்கம் என்பது, முன்பே ஊராரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ராம்சார் உடன்படிக்கை பேசும் ‘அறிவார்ந்த பயன்பாடு’ இதுதான்: மக்களை வெளியே தள்ளாமல், நீரின் இயல்பும் கெடாமல் பயன்படுத்துவது. நமக்கு அருகிலேயே, மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மீன் பிடிப்பவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் கலந்தாலோசித்தே திட்டம் வகுக்க வேண்டும்.

ஏரியைக் காக்க முதலில் தெரியவேண்டியது: உங்கள் ஊர் ஏரியின் பரப்பும் எல்லையும் என்ன? அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.