வீட்டிலேயே டயரின் அழுத்தம் பார்க்கும் முறை

பெங்களூரில் வாழும் நம்மவருள் பலர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மோட்டார் சைக்கிளிலேயே ஊர் சென்று மீள்கின்றனர். புறப்படுமுன் பெட்ரோலைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம், டயரை மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து மனநிறைவு அடைந்துவிடுகிறோம். சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு குறைந்திருந்தாலும் விரல் அதனை அறியாது. ஆனால், காற்றுக் குறைந்த டயர் உருளுந்தோறும் மிகுதியாக நெளிந்து சூடேறும். வளைவில் வண்டி தள்ளாடும். பின்னிருக்கையில் மனைவியோ தாயோ அமர்ந்திருக்கையில் இது சிறு பிழையன்று.

அளவுமானி காட்டுவது எது? டயரினுள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு மிகுதி என்பதையே அது காட்டுகிறது. கடற்கரையிலுள்ள சென்னையில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூரிலோ ஏறத்தாழ 13.2 பவுண்டுதான். ஆகவே, அதே டயர் அதே வெப்பநிலையில் இங்கே ஒன்றரைப் பவுண்டு கூடுதலாகக் காட்டும். வெப்பமும் கணக்கில் சேரும்: பத்து டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் ஒன்றரைப் பவுண்டு குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் நண்பகலில், ஓடிச் சூடேறிய டயரில் 28 பவுண்டு காட்டும்படி காற்று அடைத்தோம். உட்காற்று 50 டிகிரி என்க. மறுநாள் பெங்களூரில் 20 டிகிரிக் குளிரில் பார்த்தால், வெப்பம் தணிந்ததால் நான்கு பவுண்டு குறைந்து, உயரத்தால் ஒன்றரை கூடி, மானி 25½ அளவே காட்டும். டயரில் ஓட்டை இல்லை. அளந்த வேளைதான் தவறு.

எனவே, வண்டியை எடுக்குமுன், காலையில், நிழலில் அளத்தல் வேண்டும். ஓட்டி வந்திருந்தால் மூன்று மணி நேரமேனும் ஆறவிடுக. மானியின் முள் முதலில் சுழியில் நிற்கிறதா என்று காண்க. வால்வின் மூடியைக் கழற்றி, மானியை நேராக அழுத்துக. 'உஸ்' என்ற ஓசை நீடித்தால் காற்று கசிகிறது. அந்த அளவை நம்பலாகாது. மும்முறை பார்த்து, ஒத்து வரும் எண்ணைக் கொள்க. நல்ல பணிமனையின் மானியோடு நும் மானியை ஒருமுறை ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்து வைத்தல் நலம். எப்போதும் இரண்டு பவுண்டு கூட்டிக் காட்டும் மானியும், அக்குறை தெரிந்தவருக்குப் பயன்படும். நாளுக்கொன்று காட்டுவதோ பயன்படாது.

அடைக்க வேண்டிய அளவு வண்டியின் கையேட்டில் உள்ளது. டயரின் பக்கவாட்டில் பொறித்த எண் அது தாங்கும் உச்சவரம்பேயன்றி, நாம் அடைக்க வேண்டிய அளவன்று. பின்னே ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்பதையும் கையேடே கூறும். முடிவில் வால்வின்மேல் சோப்பு நீர் ஒரு துளி இடுக. குமிழி எழாவிடில் மூடியைத் திருகுக.

வழியில் சூடான டயர் மிகுதியாகக் காட்டுகிறதென்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். ஆறியபின் அது குறைபட்டு நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம்: ஊர்ப்பயணம் இனிது முடிய இதனினும் மலிவான காப்பு வேறில்லை.