வேலை உத்தரவு வந்ததா? முத்திரையைப் பாருங்கள்!

தனுவச்சபுரம்:
"ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது, பயிற்சிக்கு முன்பணம் கட்டவும்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் எந்த வீட்டில்தான் மகிழ்ச்சி பொங்காது? அரசு ஐ.டி.ஐ.யும், 1964-ல் தொடங்கிய வி.டி.எம். என்.எஸ்.எஸ். கல்லூரியும் உள்ள ஊர் தனுவச்சபுரம். இங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் படித்து முடித்து உத்தரவுக்காகக் காத்திருக்கும் தமிழ் இளைஞர்கள் பலர். நகையை அடகு வைத்தாவது பணம் கட்டத் துணியும் பெற்றோரும் உண்டு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இதை அனுப்பியவர் யார்?

பெயரை யாரும் எழுதலாம்

தபால் உறையில் அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். மின்னஞ்சலும் அப்படித்தான். 1982-ல் அதற்கு விதிமுறை வகுத்தபோது, அனுப்புநரைச் சோதிக்க ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

இக்குறையைப் போக்க யாஹூ நிறுவனம் 2004-ல் ஒரு முறையை வெளியிட்டது. சிஸ்கோ நிறுவனத்தின் முறையும் அதனுடன் சேர்ந்து, 2007-ல் 'டி.கே.ஐ.எம்.' என்னும் பொது விதி உருவாயிற்று.

மாதிரிக் கையெழுத்து

பாங்கியில் செக் கொடுத்தால், ஏற்கெனவே வைத்துள்ள மாதிரிக் கையெழுத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் அல்லவா? இங்கும் அதே வேலைதான். மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னே வரும் பகுதி 'டொமைன்', வீட்டுப்பெயர் போன்றது. அந்த வீட்டுக்காரர் ஓர் இரகசியச் சாவியால் ஒவ்வொரு கடிதத்திலும் கணித முறையில் ஒப்பமிடுகிறார். அதற்கு இணையான பொதுச் சாவி, எல்லோரும் பார்க்கும் இணையப் பதிவேட்டில் இருக்கும். கடிதத்தைப் பெறும் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். ஒப்பமிட்ட பகுதியில் வழியில் ஒரு எண் மாறியிருந்தாலும் ஒப்பம் பொருந்தாது.

2024 பிப்ரவரி முதல், பெருமளவில் கடிதம் அனுப்புவோர் இந்த ஒப்பம் இட்டே தீர வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் விதித்துள்ளன.

முத்திரை சரி, வீடு தவறு

எனினும் ஒன்றை மறக்கலாகாது. எந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தது என்பதைத்தான் ஒப்பம் சொல்லும். அந்த வீட்டுக்காரர் நல்லவரா என்று சொல்லாது. மோசடிக்காரன் சாதாரண ஜி.மெயில் கணக்கில் 'ரயில்வே தேர்வு வாரியம்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒப்பமும் சரியாகவே இருக்கும்; ஆனால் அது ஜி.மெயிலின் ஒப்பம், வாரியத்தின் ஒப்பம் அல்ல. ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலி டொமைன் வாங்குவோரும் உண்டு.

ஆகவே கம்ப்யூட்டரில் ஜி.மெயிலைத் திறந்து, அனுப்புநர் பெயருக்குக் கீழுள்ள சிறு அம்புக்குறியை அழுத்துங்கள். 'கையொப்பமிட்டது' என்ற வரியில் உள்ள டொமைனை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுவது. சந்தேகம் இருந்தால் திருவனந்தபுரம் ரயில்வே தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பார்க்கலாம். வேலை தருவதாகச் சொல்லி வாரியம் பணம் கேட்பதில்லை.

ஏமாந்து பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுக்கவும். தாமதமின்றிச் சொன்னால், பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வழியுண்டு.