வீட்டை விற்க யாரைக் கேட்க வேண்டும்?

அயர்லாந்துப் பெண்ணுரிமைப் போராட்டம் என்றால் பலரும் 1971 மே மாதத்து ரயிலைத்தான் சொல்வார்கள். டப்ளினிலிருந்து எல்லை தாண்டி பெல்ஃபாஸ்டுக்குப் போன பெண்கள், தங்கள் நாட்டில் விற்கத் தடையிருந்த கருத்தடைச் சாதனங்களை வாங்கிவந்து சுங்க அதிகாரிகளின் முகத்துக்கு நேரே காட்டினார்கள். அது பெரிய துணிச்சல்தான். ஆனால் நான் சொல்ல வந்தது நூலா ஃபெனலைப் பற்றி. அவரும் அந்த ரயில் பெண்களின் இயக்கத்தில் இருந்தவர்தான். அதே ஆண்டு அதிலிருந்து விலகி, ஆரவாரம் குறைந்த வேறொரு வழியில் போனார்.

ஃபெனல் 1935-இல் டப்ளினில் பிறந்தவர், பத்திரிகையாளர், குழந்தைகளுக்குத் தாய். 1972-இல் அவர் தொடங்கிய ‘எய்ம்’ என்ற அமைப்பு குடும்பச் சட்டத்தை மட்டும் குறிவைத்தது. ஏன் குடும்பச் சட்டம்? அன்றைய நிலையைக் கொஞ்சம் பாருங்கள். 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு விவாகரத்தைத் தடை செய்திருந்தது. அரசு வேலையில் இருந்த பெண், திருமணமானதும் வேலையை விட வேண்டும். 1973 வரை இதுதான் விதி. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகைகூடச் சட்டப்படி அப்பாவுக்குத்தான் உரியது. கணவன் பேரில் இருக்கும் வீட்டை அவன் ஒரு கையெழுத்தில் விற்றுவிடலாம். மனைவியும் பிள்ளைகளும் அதே வீட்டில் குடியிருப்பது அவனைத் தடுக்காது. விவாகரத்து இல்லாத நாட்டில் திருமணம் பத்திரமாக இருக்கும் என்பார்கள். பத்திரமாக இருந்தது திருமணம்தான். அதற்குள் இருந்த பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்கும்படி எய்ம் அரசை விடாமல் நெருக்கியது. 1974-இல் உதவித்தொகை தாயின் கைக்கு வந்தது. 1976-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்றின்படி, மனைவி எழுத்தில் சம்மதம் தராமல் குடும்ப வீட்டை விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. இன்னொன்று ஜீவனாம்சச் சட்டம். கணவன் பணம் தராமல் இழுத்தடித்தால், அவன் சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்துக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அடிக்கிற கணவனை வீட்டுக்குள் வரக் கூடாது என்று தடுக்கவும் அதே சட்டம் வழிசெய்தது. கீழ்நீதிமன்றம் தரும் தடை முதலில் மூன்று மாதம்தான். இருந்தாலும் அடிபட்டவளே மூட்டை கட்ட வேண்டும் என்ற வழக்கம் முதல்முறையாக உடைந்தது. சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களும் இருந்தார்களே! அவர்களுக்காக 1974-இலேயே ‘விமன்ஸ் எய்ட்’ அமைப்பைத் தொடங்கி, டப்ளின் ஹார்கோர்ட் தெருவில் தங்குமிடம் திறந்தவர்களில் ஃபெனல் முன்னே நின்றார்.

1977-இல் சுயேச்சையாகத் தேர்தலில் நின்று தோற்றார். அந்தத் தேர்தலில் 148 பேர் கொண்ட கீழவைக்கு வென்றுபோன பெண்கள் வெறும் 6 பேர். பிறகு ஃபினே கேல் கட்சியில் சேர்ந்து 1981-இல் வென்றார். 1982 டிசம்பரில் பிரதமர் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட் அவரைப் பெண்கள் விவகாரத்துக்கும் குடும்பச் சட்டத்துக்கும் இணையமைச்சராக்கினார். வெளியில் நின்று கதவைத் தட்டியவர், இப்போது உள்ளே உட்கார்ந்து மசோதாக்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து வேலையில் என்னை அதிகம் கவர்வது, வெளியே யாரும் பேசாத ஒரு சட்டம். அதுவரை மனைவியின் சட்டபூர்வ வாசஸ்தலம் கணவனுடையதுதான். கணவன் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டால், டப்ளினை விட்டு நகராத மனைவியும் சட்டத்தின் கண்ணில் அங்கேதான் இருக்கிறாள். அவன் அங்கே விவாகரத்து வாங்கினால் அயர்லாந்தும் அதை ஏற்கும். 1986-இல் இது ஒழிந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்குச் சட்டம் குத்தியிருந்த முத்திரையை அழிக்கும் மசோதாவும் அவர் பதவியில் இருந்தபோதுதான் முன்வந்தது. ஆட்சி மாறிய பிறகு, 1987 டிசம்பரில் சட்டமானது.

விவாகரத்துத் தடையை நீக்க 1986 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு மட்டும் தோற்றது. 63 சதவீதத்துக்கும் மேலானவர்கள் வேண்டாம் என்றார்கள். மதம் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமல்ல. விவாகரத்து வந்தால் வீடும் நிலமும் பென்ஷனும் இரண்டாவது மனைவிக்குப் போய்விடும் என்ற பிரசாரம் பெண்கள் மனத்தில் ஆழமாக இறங்கியது. அந்தப் பயத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தலைக்கு மேல் கூரை நிற்குமா என்ற கேள்வியோடுதானே அந்தப் பெண்கள் எய்மையும் தேடி வந்தார்கள்?

அடுத்த ஆண்டு ஃபெனல் தொகுதியை இழந்தார். மேலவைக்குப் போனார், 1989-இல் திரும்பவும் கீழவைக்கு வென்றுவந்தார். அந்த ஆண்டு வந்த சட்டம், பிரிந்து வாழும் தம்பதியின் சொத்தைப் பங்கிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. 1995-இல் இன்னொரு சட்டம் அதை விரிவாக்கியது. அதன் பிறகுதான் விவாகரத்துக் கேள்வியை மறுபடி மக்கள் முன் வைத்தார்கள். அந்த நவம்பரில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 9,114 வாக்கு வித்தியாசத்தில் தடை நீங்கியது.